கயலுக்கு நான் போட்ட வருகை

என் அன்புக்குரிய பாக்கியத்துக்கு,

நீ போய், வருகிற ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்குக் காரணம் மறதி இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் வரவில்லை. இப்போதும் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எழுதி மடித்து உன் படத்துக்குப் பின்னால் வைத்துவிடலாம்தான். ஆனால் நான் செய்த காரியம் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன். உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மருங்காபுரிக்குத் தெற்கே, மெயின் ரோட்டில் இறங்கி மினி பஸ்ஸில் உள்ளே போக வேண்டிய ஒரு பட்டியின் தொடக்கப் பள்ளியில் நான் தலைமையாசிரியை, பாக்கியம் சத்துணவுச் சமையலர். அவள் அந்த ஊர்க்காரி, அதே பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் போய் வருகிறவள். பதினாறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம்.

"நீட்டி முழக்காதீங்க டீச்சர், சுருக்கமாச் சொல்லுங்க" என்பாய். சுருக்கமாகவே சொல்கிறேன். உன் கடைசி நாட்களில் உனக்கு இரண்டு வாக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தை மூட விடமாட்டேன் என்று ஒன்று. உன் மகள் கயலின் படிப்பை நிறுத்த விடமாட்டேன் என்று ஒன்று. முதல் வாக்கைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவதைக் கைவிட்டேன். இப்போது இரண்டுமே இல்லை.

சுருக்கம் முடிந்தது. இனி உனக்குப் பிடிக்காத நீளம்தான், பொறுத்துக்கொள்.

வயிற்று வலியை நீ எட்டு மாதம் சுக்குக் கஷாயத்தில் ஓட்டினாய். பள்ளிக்கு லீவு போட்டால் யார் சமைப்பார்கள் என்று என்னையே மிரட்டினாய். கடைசியில் சமையலறையிலேயே சுருண்டு விழுந்த அன்று, உன் வீட்டுக்காரர் முருகேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். ஊரில் கார் ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடினால் ஒருவர்கூட இல்லை. மெயின் ரோட்டிலிருந்து வேன் வரவழைத்துத் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். கொஞ்சம் யோசித்துவிட்டு 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே நீ எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரே பொய் எழுதலாமா?" என்று சிரித்தாய். அந்த வலியிலும் உனக்குக் கிண்டல் போகவில்லை. "பேசாமப் படுடி" என்றேன்.

கர்ப்பப்பையில் வந்தது ஈரல் வரை போய்விட்டது என்றார்கள். மூன்று மாதம்தான் இருந்தாய். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்கூல மூட விட்றாதீங்க டீச்சர். அது போனா ஊருல ஒண்ணுமில்ல" என்றாய். சரி என்றேன். பிறகு, "கயலு படிக்கட்டும். அவ அப்பாவ நம்ப முடியாது, பாசக்காரரு, அழுதா விட்ருவாரு. நீங்க பாத்துக்கங்க" என்றாய். அதற்கும் சரி என்றேன். இந்த இரண்டு சரியும் ஒன்றோடொன்று மோதும் என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத்தான் தெரிந்திருந்ததா?

நம் ஊர் எப்படிக் காலியானது என்பதை நீ என்னைவிட நன்றாகப் பார்த்தவள். போர் போட்டுப் போட்டு ஆயிரம் அடிக்குக் கீழேயும் தண்ணீர் இல்லை என்றானதும் முதலில் ஆண்கள் போனார்கள். அப்போது ஊருக்குப் பணம் வந்தது. கூரை வீடுகள் மெத்தை வீடுகளாயின, மளிகைக் கடையில் பிஸ்கட் வகை கூடியது. நீகூட, "ஆளு போனாலும் காசு வருதுல்ல டீச்சர்" என்று சமாதானம் சொன்னாய். பிறகு அவர்கள் பெண்டாட்டிகளை அழைத்துக்கொண்டார்கள். பிறகு பிள்ளைகளை. ஆட்கள் எல்லாம் அங்கேயே இருக்கும்போது பணம் மட்டும் எதற்கு இங்கே வர வேண்டும்? அதுவும் நின்றுவிட்டது.

இப்போது மெத்தை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு வீட்டு வாசலில் கேமரா மாட்டியிருக்கிறார்கள், திருப்பூரில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. உன் சண்டைக்காரர் மளிகைக் கடை ராமசாமி இருக்கிறாரே, அவர் கடையைச் சாத்திவிட்டுத் திருப்பூரில் நம் ஊர்க்காரர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கு நடுவே அதே பெயர்ப் பலகையோடு கடை திறந்திருக்கிறார். வாடிக்கையாளர்களும் அதே ஆட்கள், கடனும் அதே கடன். இடம்தான் வேறு.

நானும் இதில் யோக்கியம் இல்லை. இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, சொந்த ஊர் முசிறி. காவிரித் தண்ணீர் பாயும் வாழைத் தோட்டத்தையே குத்தகைக்கு விட்டுவிட்டு, பெண்ணின் படிப்புக்கென்று ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்கி வந்தவர்கள் நாங்கள். அந்தப் பெண்ணும் இப்போது பெங்களூரில். தண்ணீர் இருக்கிற ஊரை விட்டு வந்த நான், தண்ணீர் இல்லாத ஊர்க்காரர்களிடம் போகாதீர்கள் என்று மே மாதம்தோறும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

அந்த மே மாத நடை நினைவிருக்கிறதா? பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கையில் அட்டையோடு நானும், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நீயும். உனக்கு அது வேலையே இல்லை. ஆனால் நான் கூப்பிட்டால் முகத்துக்காகத் தலையாட்டுவார்கள், நீ கூப்பிட்டால்தான் கதவைத் திறப்பார்கள். கடைசியாக நாம் போனபோது கிழக்குத் தெருவில் ஒரு வீட்டில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மருமவனே, நீ போ, ஒன் பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ. புள்ளைய எங்ககிட்ட வுட்டுட்டுப் போ. தெனம் முட்ட போட்டு வளக்குறேன்" என்றாய்.

அந்தப் பையன், அவனும் நம் பள்ளியில் படித்தவன்தான், கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னான்: "நீங்க வளத்துருவீங்க அத்தை. புள்ளையப் பாக்காம எங்களால அங்க இருக்க முடியாதே."

தெருக்கோடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "போறவங்களைத் திட்டக்கூட வாய் வரல டீச்சர்" என்றாய். அன்றைக்குத்தான் என்னிடம் அதையும் கேட்டாய். "நீங்க இங்க ஒரு வீடெடுத்து இருங்களேன். எத்தனை வீடு பூட்டிக் கெடக்கு! டீச்சரே இருக்காங்கன்னா நாலு பேரு யோசிப்பாங்க" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன். நீ விடவில்லை. "ஊருலயே பெரிய சம்பளம் ஒங்களுதுதான் டீச்சர். அது தெனம் நாலரை பஸ்ல ஏறிப் போயிருது" என்றாய். எனக்குச் சுருக்கென்றது, உன்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும், உனக்குத் தெரியாததா?

நீ போன பிறகு முருகேசன் திருப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்தார். கயலுக்காக ஐந்து மாதம் இருந்து பார்த்தார். காலையில் அவளுக்குத் தலை பின்னி விடுவார். ஒரு பின்னல் மேலே ஒரு பின்னல் கீழே இருக்கும், நான் பள்ளியில் அவிழ்த்து மறுபடி பின்னுவேன். கூலி வேலை வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அதிகம். பொங்கல் முடிந்ததும் பள்ளிக்கு வந்து நின்றார்.

"முடியல டீச்சர். கயலைக் கூட்டிட்டுப் போறேன். டீசி குடுத்தீங்கன்னா அங்க சேத்துருவேன்" என்றார்.

அப்போது பள்ளியில் மூன்று பிள்ளைகள். நாலாவதில் கயல், கூட ஒரு அண்ணன் தம்பி. இவள் போனால் இரண்டு. "இப்ப எதுக்குப்பா டீசி? வருஷக் கடைசி. புள்ளைக்கு அங்க ஒத்துக்குதான்னு பாரு. இல்லைன்னா திரும்பி வந்துடலாம். ஜூன்ல நானே எல்லாம் பண்ணி அனுப்பறேன்" என்றேன். நான் சொன்னால் அவர் மறுபேச்சுப் பேசுவாரா? கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். கயல்விழி என்ற பெயருக்கு நேரே பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வருகை போட்டேன். பேப்பரில் மட்டும் போட்டால் போதாது, செல்போனிலும் தட்ட வேண்டும். தட்டினேன். பச்சையாக ஒரு புள்ளி வந்தது. நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளை ஏப்ரல் வரை வரவே இல்லை.

ஜூனில் அந்த அண்ணன் தம்பியை மெயின் ரோட்டு இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் வேன் வந்து ஏற்றிப் போனது. அவர்கள் அம்மா என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்க டீச்சர், ரெண்டு பேரு மட்டும் ஒக்காந்து என்னத்தப் படிக்கும்?" என்றாள். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? இன்னொரு ஆசிரியர் இருந்தாரே, அவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பதிவேட்டில் மிஞ்சியது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயருக்குரியவள் திருப்பூரில் இருந்தாள்.

இனி சொல்லப் போவதைக் கேட்டு நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி. ஜூன் முதல் ஐப்பசி வரை நான் தினமும் ஸ்ரீரங்கத்தில் கிளம்பி, இப்போது பஸ் ஸ்டாண்டை மாற்றியிருக்கிற பஞ்சப்பூர் போய், அங்கிருந்து பஸ், பிறகு மினி பஸ் என்று வந்து பூட்டைத் திறந்தேன். கரும்பலகையில் தேதி எழுதினேன். மொத்தம் ஒன்று, வருகை ஒன்று என்று எழுதினேன். மத்தியானம் அடுத்த ஊர்ப் பள்ளியிலிருந்து ஒருத்தருக்கான சாப்பாடு தூக்கில் வரும், முட்டையோடு. அதைக் கொண்டுவருகிற அம்மாளிடம், கயலுக்குக் காய்ச்சல் என்றோ இப்போதுதான் வீட்டுக்குப் போனாள் என்றோ சொல்லி, நானே கொடுத்தனுப்புகிறேன் என்பேன். அந்த முட்டையை என்ன செய்தேன் தெரியுமா? உன் சமையலறை வாசலில் படுத்திருக்குமே, அந்த நாய்க்குப் போட்டேன். நீ ஒரு முட்டை உடைந்தாலே நாள் முழுக்கப் புலம்புகிறவள்.

திருப்பூரில் முருகேசன் அவளை ஐந்தாவதில் சேர்க்கப் போனார். கணினியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் இருக்கிறது. பழைய பள்ளி விடுவித்தால்தான் புதுப் பள்ளி அந்தப் பெயரை எடுக்க முடியும். அங்கேயிருந்து எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், பேரு நம்ம ஸ்கூல்லயே இருக்காம். நீங்க எடுத்துவிட்டாதான் ஆகுமாம்."

"பண்றேன்ப்பா. இன்னிக்கு நெட் இல்ல."

ஆடியில் மறுபடி கூப்பிட்டார். சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். உன் திதி அன்றைக்குத்தான் அவர் கூப்பிட்டிருந்தார், எனக்கு அது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மூன்றாவது தடவை ஆவணியில். "ஒங்களுக்குச் சிரமம் குடுக்குறேன் டீச்சர், மன்னிச்சுக்கங்க. முடியறப்பப் பண்ணுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

ஒரே ஒரு தட்டு, பாக்கியம். செல்போனில் விரலால் ஒரு தட்டு. தட்டினால் பள்ளியில் பிள்ளைகள் பூஜ்யம், மறு மாதமே பூட்டு. நான் உனக்குக் கொடுத்த வாக்கை நினைத்துத்தான் தட்டாமல் இருந்தேன் என்று அப்போது நம்பினேன். ஆடிப் பெருக்கில் ஊர்க்காரர்கள் வருவார்கள், தீபாவளிக்கு வருவார்கள், யாராவது ஒரு குடும்பம் தங்கிவிடும், அதுவரை இந்த ஒரு பெயர் பள்ளியைத் தாங்கிப் பிடிக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது மனதைத் தொட்டுச் சொல்கிறேன், அது பாதிதான். மீதிப் பாதி, எனக்கு ரிட்டையர் ஆக இரண்டு வருஷம் இருந்தது. பள்ளியை மூடினால் எங்கே தூக்கிப் போடுவார்களோ என்ற பயம். பழகின பஸ், பழகின நாற்காலி. பிள்ளை இல்லாத பள்ளிக்கு ஐந்து மாதம் சம்பளம் வாங்கினேன். அதுவும் நாலரை பஸ்ஸில் என்னோடு ஸ்ரீரங்கம் வந்தது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தவர்களில் உன் வீட்டுக்குப் பின்வீட்டுச் செல்வியைப் பார்த்தேன். திருப்பூரில் முருகேசன் இருக்கிற லைன் வீட்டில்தான் அவளும் இருக்கிறாள். கயல் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"அதுக்கென்ன டீச்சர், ஜம்முனு இருக்கு. வீட்டுக்கு பீஸ் எடுத்தாந்து பிசிறு வெட்டுதுல்ல, கை என்னா வேகங்கிறீங்க! எங்களுக்கெல்லாம் அது வேகம் வராது. பாக்கியம் பொண்ணுன்னா சும்மாவா?" என்றாள்.

பெருமையாகத்தான் சொன்னாள். தைத்த பனியனில் ஒட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரிக்கிற வேலை அது. நான் மினி பஸ்ஸுக்கு நிற்காமல் மெயின் ரோடு வரைக்கும் நடந்தே போனேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கரூர் வழியாகத் திருப்பூர் கிளம்பினேன். இவரிடம் காரணம் சொல்லவில்லை.

பத்துக்குப் பத்து அறை. பாதி அறைக்குச் சின்னப் பிள்ளைகளின் பனியன் குவியல். அதன் நடுவில் உன் மகள், கையில் ஒரு குட்டிக் கத்தரி. என்னைப் பார்த்ததும் எழுந்து, மடியில் இருந்த நூல் பிசிறைத் தட்டிவிட்டு, ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். உயரமாகிவிட்டாள். பின்னல் இரண்டும் ஒழுங்காக இருந்தது, அவளே பின்னக் கற்றுக்கொண்டாளாம். கட்டை விரலில் கத்தரி வளையம் உரசிக் காய்த்துப்போய் ஒரு தழும்பு.

என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ரகசியம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "டீச்சர், நான் இன்னும் நம்ம ஸ்கூல்லதான் படிக்கிறேனாமே? அப்பா சொன்னாரு. நான் இப்ப எத்தனாவது டீச்சர்?"

"அஞ்சாவதும்மா" என்றேன்.

"நாலாவது பாஸ் பண்ணிட்டேனா?"

"ம்."

அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, பாக்கியம். நிஜமான சந்தோஷம். போகாத பள்ளியில், எழுதாத பரீட்சையில் பாஸ் செய்துவிட்டோம் என்று. என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை, குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் முருகேசன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நெட் இருந்தது, சர்வர் வேலை செய்தது, நான்தான் விடவில்லை என்று சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். கையை ஓங்கியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். டீக்கடைக்குப் போய் எனக்கு டீ வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஸ்கூலு இருக்கணும்னு அவளும்தானே சொன்னா. விடுங்க டீச்சர்."

அவர் முன்னாலேயே செல்போனை எடுத்து உன் மகளின் பெயரை விடுவித்தேன். அரை நிமிஷம் ஆகவில்லை. நம் பள்ளியின் பெயருக்குக் கீழே மாணவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தது.

மறுநாள் பக்கத்து அரசுப் பள்ளியில் அவளை ஐந்தாவதில் சேர்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன். நல்லபடியாகவே சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆசிரியை அவளிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். உனக்கு நினைவிருக்கும், இரண்டாவதிலேயே சத்துணவு மெனு பலகையைத் தடுக்காமல் படித்து உனக்குச் சொன்னவள் அவள். அன்றைக்கு எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

பன்னிரண்டு நாள் போனாள். அதற்குப் பிறகு போகவில்லை. முருகேசன் போனில், "போக மாட்டேங்குது டீச்சர். படிக்க வரலன்னு சின்னப் புள்ளைங்க கூட ஒக்காரச் சொல்றாங்களாம், வெக்கமா இருக்காம். அடிச்சு அனுப்ப எனக்கு மனசு வரல" என்றார். நீ சொன்னது எவ்வளவு சரி! அழுதால் விட்டுவிடுவார். நான் கயலிடம் கொடுக்கச் சொன்னேன். "ஜூன்ல போறேன் டீச்சர்" என்றாள். பின்னால் கத்தரிச் சத்தம் நிற்காமல் கேட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசியிருக்கிறாள்.

கார்த்திகையில் பூட்டிவிட்டார்கள். மேஜை, பெஞ்சு, பீரோ எல்லாம் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போயின. உன் பெரிய அலுமினியக் குண்டானை இரண்டு பேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். அது ஏறும்போது கைப்பிடி கழன்றது. நீ கம்பி சுற்றி வைத்திருந்த கைப்பிடிதான். சாவியை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டேன். பார்க்க யாரும் வரவில்லை. வருவதற்கு யார் இருக்கிறார்கள்? நூறு நாள் வேலைக்குப் போகிற நாலைந்து பெண்கள் ரோட்டோரம் நின்று, "இனிமே வர மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான்.

எனக்கு என்ன தண்டனை கிடைத்தது தெரியுமா? கேட்டால் சிரிப்பாய், இல்லை, காறித் துப்புவாய். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் ஒரு பள்ளியில் போட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து இருபது நிமிஷம். நூற்றுக்கு மேல் பிள்ளைகள். இவர், "எல்லாம் நல்லதுக்குத்தான், அலைச்சல் மிச்சம்" என்கிறார். அலைச்சல் மிச்சம்தான். எதற்குப் பயந்து உன் மகளின் படிப்பைப் பிடித்து வைத்தேனோ, அந்தப் பயத்துக்கு அர்த்தமே இருக்கவில்லை. ஒன்றும் ஆகியிருக்காது எனக்கு. ஜூனிலேயே தட்டியிருந்தால் ஜூனிலேயே வீட்டுக்குப் பக்கத்தில் வந்திருப்பேன், கயலும் யாரும் சிரிக்காத ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள்.

நம் ஊரிலிருந்து கடைசியாக வெளியே போன சம்பளம் என்னுடையது. நீ சொன்னபடி அங்கே ஒரு வீடெடுத்து இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசிக்கிறேன். ஒருவேளை ஒன்றும் மாறியிருக்காது. மழை பெய்திருக்காது, கம்பெனிகள் இங்கே வந்திருக்காது. ஆனால் காலையில் பூட்டைத் திறக்க வருகிறவளாக இல்லாமல் அங்கேயே தூங்கி எழுகிறவளாக இருந்திருந்தால், கயலைப் போன வருஷப் பொங்கலுக்கே என்னோடு வைத்துக்கொண்டிருப்பேனே? அவளை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்து வந்து எங்கள் ஃப்ளாட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க அப்போது எனக்கு ஏன் தோன்றவில்லை? பெங்களூர் போன பெண்ணின் அறை காலியாகத்தான் கிடக்கிறது. இதை நான் முருகேசனிடம் இப்போது கேட்டேன். "புள்ளையப் பாக்காம நான் எப்புடி டீச்சர் இருப்பேன்?" என்றார். அந்தக் கிழக்குத் தெருப் பையன் சொன்ன அதே பதில்.

இந்த வாரம் எங்கள் புதுப் பள்ளியிலும் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குரல் கொடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் நீ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்க்கிறேன். பழக்க தோஷம்.

வாக்குக் கொடுக்கவே கூசுகிறது, பாக்கியம். போன தடவை இரண்டு கொடுத்தேன். அது பேராசை. இந்தத் தடவை ஒன்றுதான். ஜூனில் பள்ளி திறக்கிற அன்று நான் லீவு போட்டுவிட்டுத் திருப்பூரில் இருப்பேன். கயல் வந்தால் கையைப் பிடித்து அழைத்துப் போவேன். அவள் வராவிட்டால் அந்தப் பனியன் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான்காம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தை அவளோடு எழுத்துக் கூட்டுவேன். இருக்கிற லீவு தீரும்வரை உட்கார்ந்திருப்பேன். அவள் மறுபடி பள்ளிக்குப் போவாள் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அந்தக் கை இப்போது ரொம்ப வேகமாகிவிட்டது.

ஆனால், "நான் இப்ப எத்தனாவது டீச்சர்?" என்று அவள் மறுபடி கேட்டால், இந்தத் தடவை பொய் சொல்ல மாட்டேன். நீ நாலாவதில் பாதியில் நிற்கிறாய், நிறுத்தியது நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

தில்லை நகரில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த
உன் அக்கா,
வசந்தா